ஏர்த் வேண்டாத கம்பி

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, மண்கும்பானில் வேதநாதனின் வானொலிப் பெட்டி, கேட்கவும் பேசவும் கூடியது, அவருடைய உதட்டைச் சுட்டது.

ஒலிவாங்கியில் வாய் வைத்த போதெல்லாம் சுட்டது. நயினாதீவில் அதே போன்ற பெட்டியோடு காத்திருந்த மைத்துனர் பரமலிங்கத்துக்கு இரைச்சல் மட்டுமே கேட்டது. அதை அவர் கைபேசியில் அறிவித்தார்.

"அத்தான், ஏர்த் குடுங்கோ. பெட்டிக்குப் பின்னாலை நான் பூட்டிவிட்ட வயர் யன்னலுக்கு வெளியிலை சும்மா தொங்குது. நிலத்திலை ஒரு இரும்புத்தடி இறுக்கி அதிலை சுத்துங்கோ."

"என்ரை அன்ரெனா அரை அலை நீளக் கம்பி. அரை அலைக் கம்பிக்கு ஏர்த் தேவையில்லை, மச்சான்."

"கம்பியின்ரை நடுவிலை பெட்டியைக் கொழுவினால் தேவையில்லை. நீங்கள் நுனியிலையெல்லோ கொழுவியிருக்கிறியள்!"

மனைவி ராஜராஜேஸ்வரி குசினியிலிருந்து வந்தார்.

"தம்பியின்ரை குரல் போனிலை வடிவாக் கேக்குது. மத்தியானத்துக்குள்ளை உந்தப் பெட்டியிலையும் கேக்கோணும். இல்லாட்டில் பெட்டி அலுமாரிக்கு மேலை. மேசை எனக்கு."

உயரம் போதாது என்று தீர்மானித்த வேதநாதன், கம்பியை முருங்கையின் உச்சிக் கிளைக்கு இழுத்தார். முருங்கைக் கிளை முறியும் தன்மையது, முறிந்தது. வேலியும் சரிந்தது. அந்த வழியாக அயல்வீட்டு ஆடு உள்ளே வந்து, மிளகாய்க் கன்றுகளை வரிசை தவறாமல் தின்றது.

"அன்னப்பிள்ளை அக்கா! வேலி அடைக்குமட்டும் உங்கடை ஆட்டை இந்த யன்னலுக்குக் கீழையே கட்டுங்கோ. என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்கட்டும்!" என்று வேதநாதன் கத்தினார்.

அன்னப்பிள்ளை ஆட்டைக் கட்டினார். வேதநாதன் கம்பியைப் பூவரசுக்கு மாற்றிக் கட்டிவிட்டு, கடைசி முறையாக அழைத்தார். உதடு சுடவில்லை.

"அக்கா, சுகமே?" என்றது பெட்டி, மணி போல.

"ஓம் தம்பி. மிளகாய்க் கண்டைத் தவிர எல்லாரும் சுகம்," என்றார் ராஜராஜேஸ்வரி.

"அத்தான், ஏர்த் குடுத்திட்டியள் போலை!"

வேதநாதன் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். "இல்லை! ஏர்த் இல்லாமல்தான் கதைக்கிறன். நீர் தோத்துப்போனீர், மச்சான்!"

பொத்தானிலிருந்து அவர் விரலை எடுக்குமுன், பேசுவதெல்லாம் நயினாதீவுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே, யன்னலில் அன்னப்பிள்ளையின் முகம் தெரிந்தது.

"தம்பி, ஆட்டுச் சங்கிலி முளையிலை நிண்டுபிடிக்கேல்லை. இதிலை தொங்கின வயராலை, நிலத்திலை அடிச்ச இரும்பு முளையோடை சேர்த்துச் சுத்திப்போட்டன். கழட்டட்டோ?"

வேலி அடைத்த பின்னரும் ஆட்டை அதே முளையில் கட்டுவதென்றும், மேசை வானொலிக்கே உரியதென்றும், அரை அலைக் கம்பிக்கு ஏர்த் தேவையில்லை, ஆட்டுக்குத்தான் தேவை என்றும் அன்று மத்தியானமே முடிவாயிற்று.