மெருகிட்டவர் வசம்

இனிமேல் என் பேனாக்களில் அரக்குக் குச்சிக்கு இடமில்லை என்று 1959 ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை தீர்மானம் நிறைவேற்றினேன். ஆதரவாக ஒரு ஓட்டு. அது என் ஓட்டு. எதிர்த்து ஓட்டுப் போட வேண்டியவள் அடுப்படியில் இருந்தாள்.

சித்தூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் நகல் எழுத்தன். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராசுக்கு என்று எல்லை பிரித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் பட்டியல்களை நகலெடுத்து நகலெடுத்துக் கை மரத்துப்போயிற்று. மரத்துப்போன கைக்கு மரம்தான் மருந்து. அதனால் வீட்டு ஜன்னலோரம் கடைசல் பட்டறை போட்டு, செம்மரத்தில் பேனா கடைய ஆரம்பித்தேன்.

நைனா காலத்தில் மரப்பேனாவுக்கு விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் போதும். எழுதினால் காகிதத்தில் எழுத்தைவிட எண்ணெய் நன்றாகத் தெரியும். என் காலத்தில் அரக்கு வந்தது. வாரை இழுக்க இழுக்கக் கட்டை சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்தினால், சூட்டில் உருகிப் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்வதுதான் வினை. போன சித்திரையில், வெயிலில் கிடந்த என் பேனாவை எடுத்து எங்கள் ஆபீசர் ஒரு கையெழுத்துப் போட்டார். பிறகு பேனா அவரை விடவில்லை. விரல்களை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தார்கள். எனக்கும் அவருக்கும் இருந்த ஒட்டுறவு அன்றோடு போயிற்று.

திருப்பதியில் மரப்பாச்சி கடையும் ரங்கையாவிடம் இதைச் சொல்லி அழுதேன்.

"இன்னும் குச்சிய வச்சித் தேச்சிக்கினு கீறியா? அரக்க ஸ்பிரிட்டுல கரைச்சி, துணியில தொட்டுத் தொட்டுப் போடுப்பா. பாலிஷ்! கண்ணாடி வாணாம், அதுலயே மூஞ்சி பாக்கலாம்" என்றார் ரங்கையா. ஸ்பிரிட்டுக்குப் பெர்மிட் வைத்திருக்கிற மனிதர். கரைத்த பாலிஷில் அரை பாட்டிலும், கூடக் கொஞ்சம் அரக்குத் தகடும் கொடுத்தார்.

எங்களுடையது மதுவிலக்கு ஜில்லா. நானோ எங்கள் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கக் காரியதரிசி. ஸ்பிரிட் பாட்டிலோடு ரயிலேறினால் என்ன ஆகும்? குடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். வழியில் மழை வந்தது. நனைந்தேன்.

"குடைய வச்சிக்கினு ஏங்க நனைஞ்சிக்கினு வரீங்க?" என்றாள் என் மனைவி தபீதாள்.

"உள்ளே பாலிஷ்."

"இது பாலிஷா? உங்க சங்கத்து ஆளுங்க மோந்து பாத்தா பாலிஷுன்னு சொல்ல மாட்டாங்களே."

"ஞாயிற்றுக்கிழமை ஐயருக்குக் கொடுக்கிற பேனாவுக்கு!"

பாதிரியாரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் சொல்வோம். கிருபானந்தம் ஐயருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் மாற்றல். பிரிவுபசாரத்துக்கு என் பேனா.

"பேனா குடுங்க, வாணாங்கல. மொதல்ல பட்டறைய ஆட்டுக் கொட்டாய்க்குத் தூக்குங்க. வூட்டுல வெளிச்சம் வர்ரது அந்த ஒரு ஜன்னல்தான். அத நீங்க அடைச்சிக்கினா நான் அரிசில கல்லு எப்டிப் பொறுக்கறது? கல்லத் துன்னுட்டேன், பல்லு போச்சுன்னு கத்தறதும் நீங்கதான்."

"ஜன்னலில் ஒரு அங்குலம் விட்டுத்தர மாட்டேன்!"

"திருத்தணியவே பேசித் தீத்துக்கினாங்க. ஒரு ஜன்னலத் தீக்க முடியாதா? எழுதுங்க காயிதத்துல."

எழுதுவதா? என்னிடமா சவால்? எல்லைப் பட்டியலையே எழுதிய கை. உடனே எழுதினேன்: "எதிர்வரும் ஞாயிறன்று மேற்படி பேனாவின் மெருகைச் சபையார் மெச்சும் பட்சத்தில், மேற்படி ஜன்னல் மெருகிட்டவர் வசம் என்றென்றைக்கும் இருந்துவரும். மெச்சாத பட்சத்தில் பட்டறை ஆட்டுக் கொட்டகை போய்ச் சேரும்." கீழே எர்னஸ்ட் என்று சுழித்துக் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். கம்பீரமான வாசகம். இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை பேனா கடைந்து தயார். பாலிஷ் கொஞ்சம் தண்ணீராகத் தெரிந்தது. தகடு சேர்த்தால் சரியாகும். தகட்டைக் காணோம்.

"தபீதா! என் அரக்கு எங்கே? அரக்கு!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு மீசை எழுந்தது. முனிகிருஷ்ணன். மதனப்பள்ளிக்காரர். மதுவிலக்குப் போலீஸ்.

"ஏமண்டி, அரக் அண்ட்டுன்னாரு?" என்ன, அரக்கா என்கிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டது மீசை.

தபீதாள் வெளியே ஓடி அவரிடம் ஏதோ சொன்னாள். தலையில் கை வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கெட்டுதுங்க குடி! நமக்கு அரக்கு, தெலுங்குக்காரங்களுக்கு லக்க. இங்கிலீசுல அரக்குன்னா சாராயமாமே! காதுல அப்டித்தான் வுழுந்திருக்குது. உடுப்பு மாட்டிக்கினு கீறாரு. வந்துடுவாரு!"

பத்து வருஷமாக மேடையேறி முழங்கிய காரியதரிசி, கையும் பாட்டிலுமாகவா? மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு விழவும் முனிகிருஷ்ணன் முழு உடுப்பில் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது.

"கொஞ்செம் மஜ்ஜிக உண்ட்டே இவ்வண்டி" என்றார்.

மோருக்காக வந்திருக்கிறார், பாவி மனிதர்!

சனிக்கிழமை மெருகில்லாத பேனாவை மேஜையில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். திரும்பியபோது பேனா இல்லை. "ஐயரம்மா வந்து வாங்கிக்கினு போயிட்டாங்க" என்றாள். மொட்டைக் கட்டையை ஐயர் சபை முன்னால் தூக்கிக் காட்டப்போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் பேனாவைத் தூக்கிக் காட்டினார். ஜொலித்தது! ரத்தினக்கல் மாதிரி சிவப்பு. சபை முழுக்க 'ஆகா' என்றது.

"மூஞ்சி தெரியுதுய்யா! யாரு போட்ட மெருகு இது?" என்றார் ஐயர்.

கர்த்தரின் கிருபை என்று எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நான்தாங்க ஐயரே."

வீட்டுக்கு வந்ததும் விசாரணையை ஆரம்பித்தேன்.

"அப்படியானால் நான் சாக்கடையில் ஊற்றினது?"

"மீந்துபோன காப்பித் தண்ணி. மொத நாளே மாத்திட்டேன். தகடும் எங்கிட்டதான் இருந்துச்சி."

"போலீஸ் வருவதாகச் சொன்னாயே!"

"வந்தாரா இல்லியா? நான்தான் மோர் கீது வாங்கன்னேன்."

"உடுப்பு?"

"ட்யூட்டிக்குப் போறவரு உடுப்பில்லாமலா போவாரு?"

"மெருகு போடக் கட்டை சுழல வேண்டாமா? வார் யார் இழுத்தது?"

"போலீஸ்காரரு சம்சாரம் சுலோசனாதான். இம்மாங்காலமும் நீங்க கடைய நான்தானே வார் இழுத்துக்கினு கீறேன்? இழுக்கறவளுக்கு மெருகு தெரியாதா?"

அநியாயம்! வஞ்சகம்! மரம் என்னுடையது, பேனா என்னுடையது, பாலிஷும் என்னுடையது. மழையில் நனைந்தவன் நான்!

"எல்லாம் உங்களுதுதாங்க" என்று காகிதத்தைப் பிரித்தாள். "இதுவும் உங்க எழுத்துதானே? மெருகிட்டவர் வசம்."

"அது நான்! என்னை நினைத்துத்தான் எழுதினேன்!"

"நெனச்சிங்க சரி. எழுதலியே."

ஜன்னலோரம் அமர்ந்து அவள் இப்போது கல் பொறுக்குகிறாள். ஆட்டுக் கொட்டகையில் அமர்ந்து நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.