ஒத்தைச் சிறகு சம்மனசு

கல்லறையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, கோழிக்கொண்டைப் பூவை அடுக்கி, கடைசி மெழுகுவத்தியை ராஜாங்கம் நட்டு முடித்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"யாருய்யா நீ?"

நல்ல கேள்விதான். அவனுக்கும் அந்தக் கல்லறைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் தற்காலிக வேலை. முதலாளி சவரிராயன் அரியாங்குப்பத்துக்காரர். கல்லறைத் திருநாளுக்கு எங்கப்பா சமாதியை ஜோடித்து வை, சாயங்காலம் குடும்பத்தோடு வருவேன், பளிச்சென்று இருந்தால் திங்கட்கிழமையே உன்னைப் பர்மனென்ட் ஆக்குகிறேன் என்று சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆனால்தான் பெண் என்று பிள்ளைச்சாவடியில் ஒரு மாமன் வேறு கறாராக உட்கார்ந்திருந்தான்.

அப்பா பெயர் என்ன என்று கேட்டதற்கு முதலாளி, "அது பிரெஞ்சுப் பேருய்யா, உன் வாயில நுழையாது. ஒத்தைச் சிறகு சம்மனசு இருக்கும் பாரு, அதான்" என்றார். சம்மன் என்றால் கோர்ட்டிலிருந்து வருவது என்று மட்டும் அறிந்த ராஜாங்கம், கல்லறைத் தோட்டத்தில் குரோட்டன்ஸ் வெட்டிக்கொண்டிருந்த காவல்காரர் மண்ணாங்கட்டியிடம் கேட்டுத்தான் அது தேவதைச் சிலை என்று தெரிந்துகொண்டான். எந்த முதலாளி அனுப்பினார் என்று விசாரித்த மண்ணாங்கட்டி, சாயங்காலமாக வரக்கூடாதா, காலையிலேயே வந்து நிக்கிறியே என்று அலுத்துக்கொண்டார்.

இப்போது எதிரே நின்ற வெள்ளைப்புடவை அம்மாளின் பெயர் ரஞ்சிதம். கையில் ரோஜாப்பூக் கூடை.

"இது எங்க வூட்டுக்காரர் கல்லறை. நீ எதுக்குப் பூ வெக்கிற?"

ராஜாங்கம் உள்ளதைச் சொன்னான். "அவரு மகன்தாம்மா வெக்கச் சொன்னாரு."

அந்த அம்மாளுக்குப் பிள்ளையே கிடையாது. பக்கத்துக் கல்லறைமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். சைகோன் கப்பலில் உத்தியோகம் பார்த்த மனுஷன், ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் இங்கே, ஒரு பொம்பளையை நிமிர்ந்து பார்த்தவரில்லை என்று ஒப்பாரி வைத்தாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். செத்தவருக்காக வேண்டுவதைவிட இது சுவாரசியமாக இருந்தது, பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒருத்தி ராஜாங்கத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அவர் மூக்கேதான் என்று தீர்ப்புச் சொன்னாள். அவன் பதறிப்போய், மகன் நானில்லை, எங்கள் முதலாளி என்றான்.

"அப்ப நீ ரெண்டாவதா?" என்றாள் அவள்.

அழுகை இரண்டு மடங்கானது. முதலாளியின் அப்பா பெயரைச் சொல் என்றார்கள். வாயில் நுழையாதாம் என்றான். சரி, கல்லில்தான் எழுத்து அழிந்துபோயிருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் பெயரையாவது சொல்லுங்கள் என்று அம்மாளைக் கேட்டான். கட்டின புருஷன் பெயரை அந்த அம்மாள் எப்படிச் சொல்வாள்? முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள்.

ராஜாங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. தப்பு தன்மேல்தான், கல்லறை மாறிவிட்டது என்று மாரியம்மன்மேல் சத்தியம் பண்ணினான். சுற்றிப் பார்த்தான். இரண்டு வரிசை தள்ளி இன்னொரு சம்மனசு நின்றது. அதற்கு இரண்டு சிறகுமே இல்லை. ஒன்று உடைந்ததுபோல இன்னொன்றும் உடைந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டு, பூ, மெழுகுவத்தி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், பாசியைச் சுரண்டி, மறுபடியும் முதலிலிருந்து ஜோடித்தான்.

அம்மாள் முகம் தெளிந்தது. "சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று கல்லைத் தொட்டு முத்தமிட்டாள். போகும்போது ராஜாங்கத்துக்கும் பாதி ரோஜாவைக் கொடுத்து, உங்கள் முதலாளி அப்பாவுக்கும் வை, அதுவும் ஒரு ஆத்மாதானே என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷா ஏறினாள். நல்ல மனுஷி.

அதற்குள் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ராஜாங்கம் ஓடிப்போய் மண்ணாங்கட்டியைப் பிடித்து, தான் ஜோடித்தது யார் சமாதி என்று கேட்டான்.

"அது ஒரு வெள்ளக்காரச் சாமியாரு. சாமியாருக்கு ஏதுய்யா புள்ள?"

ராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டான். வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு. முதலாளி வந்துவிடுவார், அவர் அப்பா எங்கேதான் இருக்கிறார் என்று கெஞ்சினான்.

மண்ணாங்கட்டி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். ரிக்‌ஷா தெருமுனை திரும்பிவிட்டது. கத்திரியைக் கீழே வைத்தார்.

"பூவையெல்லாம் அள்ளிக்கினு பழைய எடத்துக்கே வா. சைகோன் சைகோன்னு அந்த மனுஷன் போனதெல்லாம் ஆத்துக்கு அந்தாண்ட அரியாங்குப்பம் வரைக்கும்தான்."