தாத்தா உள்ளே இருக்கிறார்

மனித நாகரிகம் எப்போது உச்சியைத் தொட்டது என்று கேட்டால் சிலர் சக்கரத்தைச் சொல்வார்கள். சிலர் நிலவில் கால் வைத்ததைச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் ‘எட்டுப் பேர், ஒரு பாத்ரூம்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் ஒன்பதாவது சீசனைத்தான் சொல்வார்கள். பெரியவர்களை எப்படிப் போற்ற வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டிய சீசன் அது.

படப்பிடிப்பு கலிபோர்னியாவில், பர்பாங்க் நகரத்தில். அந்த ஊருக்குப் பருவங்கள் கிடையாது, சீசன்கள்தான் உண்டு. ஒரே குளியலறை உள்ள வீட்டில் ஒரு குடும்பம் எட்டு வருடங்களாக வரிசையில் நின்று அமெரிக்காவைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவர் தாத்தா. உள்ளே போனால் லேசில் வெளியே வராதவரும் அவரே.

தாத்தாவாக நடித்தவர் ஆரின் டிபெட்ஸ். வயது எழுபத்தாறு. மனைவி இறந்த பிறகு அவர் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். அதுவும் படப்பிடிப்பில், மூன்றே சுவர் உள்ள வீட்டில், நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்து பார்க்க. காட்சி முடியும்வரை வாயிலிருப்பதை மென்றுகொண்டே இருக்க வேண்டும், விழுங்கக் கூடாது என்பது நடிகர்களுக்குள்ள விதி. ஆரின் விழுங்கிவிடுவார். இன்னொரு தட்டும் கேட்பார். இயக்குநருக்கு அது ஒரு தலைவலி.

ஒன்பதாவது சீசன் தொடங்குமுன் சேனல் அவரைக் கூப்பிட்டனுப்பியது. பேசியவர் பிராடி வெக்ஸ்லர். முப்பத்தொரு வயதில் சேனலின் ‘மகிழ்ச்சிப் பிரிவுத் துணைத் தலைவர்’ ஆனவர். அந்தப் பொறுப்பின் கனத்தால் அவர் சிரிப்பதே இல்லை.

“ஆராய்ச்சி பண்ணினோம், சார்” என்றார் வெக்ஸ்லர். “நூறு பேரை உக்கார வெச்சு ஆளுக்கொரு குமிழ் குடுத்தோம். பிடிச்சா திருகி ஏத்தணும், பிடிக்கலைன்னா இறக்கணும். நீங்க பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்துறப்ப, மீட்டர் முள்ளு உச்சிக்குப் போகுது.”

ஆரினுக்குப் பெருமையாக இருந்தது. “வெளிய வர்றப்ப?”

“அப்ப கொஞ்சம் இறங்குது.”

“கொஞ்சம்னா?”

“அது எதுக்கு சார் உங்களுக்கு, மனசு கஷ்டப்படும். நாங்க என்ன முடிவு பண்ணிருக்கோம்னா, இந்த சீசன்ல நீங்க வெளிய வர வேணாம்.”

ஆரின் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அதுக்குப் பதிலா தாத்தா செத்துட்டாருன்னு வெச்சிடலாமே தம்பி. நான் நல்லா சாவேன். நாடக மேடையில எத்தனையோ தடவை செத்திருக்கேன். ஜனங்க அழுதிருக்காங்க.”

“ஐயையோ, சாவு வேணாம் சார். செத்த வீட்டுக்கு நடுவுல சோப்பு விளம்பரம் எப்படிப் போடறது? தாத்தா உயிரோடதான் இருக்காரு. உள்ள இருக்காரு. அவ்வளவுதான்.”

இப்படியாக, இயற்கை எய்த வேண்டிய தாத்தா, இயற்கையின் அழைப்பை ஏற்று உள்ளே போனவர் போனவராகவே இருந்தார். எழுத்தாளர்கள் கூடி இதை மூன்று மணி நேரம் பாராட்டினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி மட்டும், “இருக்கறதே ஒரு பாத்ரூம். மத்த ஏழு பேரும் எங்க போவாங்க?” என்று கேட்டுவிட்டாள். “அதைப் பத்தாவது சீசன்ல பாத்துக்கலாம்” என்று தீர்மானம் நிறைவேறியது.

நடிக்க வேண்டாம், இருமினால் போதும் என்று ஆரினை ஒருநாள் காலையில் வரச் சொன்னார்கள். ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து சீசன் முழுமைக்குமான இருமலையும் ஒரே மூச்சில் இருமிக் கொடுத்தார். கோப இருமல், ‘ஆள் இருக்கேன்’ இருமல், கிறிஸ்துமஸ் இருமல்.

“இன்னும் கொஞ்சம் நம்பிக்கையா இருமுங்க, சார்” என்றார் இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“எதை நம்பி?” என்று கேட்டார் ஆரின். அதையும் பதிவு செய்தார்கள். பயன்படுத்தவில்லை.

மூன்றாவது வாரமே இருமலும் போய்விட்டது. இருமல் நோயை நினைவூட்டுகிறது என்று விளம்பரம் கொடுக்கும் மருந்துக் கம்பெனிக்காரர்களே சொல்லிவிட்டார்களாம். கடைசியில் மிஞ்சியது, கதவுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்துக்கு அமெரிக்கா கைதட்டியது. ‘தாத்தா உள்ளே’ என்று அச்சிட்ட பனியன்களைச் சிறுசுகள் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். எட்டு வருடம் வசனம் பேசி ஆரின் வாங்காத பெயரை, ஒரு தண்ணீர்த் தொட்டி எட்டே வாரத்தில் வாங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் ஆரின் பழக்கதோஷத்தில் முகம் மழித்துக்கொள்வார். சட்டை மாற்றிக்கொள்வார். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் ஒரு டப்பா சூப்பைச் சூடு பண்ணி, நின்றுகொண்டே குடிப்பார். தொடரில் மருமகளாக நடித்த மார்லிஸ் மட்டும் படப்பிடிப்பு இடைவேளையில் போன் செய்வாள்.

“என்ன பெரியவரே, சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. இன்னைக்கு எப்படிப் போகுது?”

“கதவைத் தட்டி, ‘மாமா, சௌக்கியமா?’ன்னு கேக்கணும். உள்ள என்ன இருக்கு தெரியுமா? ஒரு ஓட்டை ஃபேனும் ரெண்டு மணல் மூட்டையும். அதுங்களைத்தான் மாமாங்கறேன்.”

“என்னைவிட நல்லா நடிக்குதுங்களா?”

“சாப்பாட்டுல கை வெக்காததால இயக்குநருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றாள் மார்லிஸ். இருவரும் சிரித்தார்கள். “நீங்க இல்லாம நல்லா இல்ல, பெரியவரே” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் முதியோர் மாண்பு மன்றம் தன் வருடாந்தர விருதை இந்தத் தொடருக்கு அறிவித்தது. பெவர்லி ஹில்ஸில் இயங்கும் அந்த மன்றத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட நிர்வாகி யாரும் கிடையாது. ‘இந்த சீசன் முழுவதும் எந்தப் பாத்திரமும் தாத்தாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை அவசரப்படுத்தவில்லை. அவருடைய தனிமைக்கு முழு மதிப்பளிக்கப்பட்டது’ என்று பாராட்டுரை சொன்னது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

விருதை வாங்கத் தாத்தா வேண்டுமே. வெக்ஸ்லரே நேரில் வந்து ஆரின் வீட்டு அழைப்பு மணியை அடித்தார்.

“உங்களுக்காகக் கதவையே ஹோட்டலுக்குத் தூக்கிட்டு வர்றோம், சார். அதுக்குப் பின்னால நில்லுங்க. சத்தம் வரும், ஜனங்க சிரிப்பாங்க, நீங்க வெளிய வருவீங்க.”

“நிஜமாவே வெளிய வரலாமா?”

“இந்த ஒரு தடவை” என்றார் வெக்ஸ்லர் பெருந்தன்மையோடு.

ஆரின் பழைய கோட்டைத் துவைக்கப் போட்டு வாங்கினார். பேசுவதற்கு இரண்டு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தார். அதில் மனைவியின் பெயர் வந்தது, மார்லிஸ் பெயர் வந்தது, வெக்ஸ்லர் பெயர்கூட வந்தது.

விழா நாளில் கதவு மேடை நடுவே, மரச் சட்டத்தில் நிமிர்ந்து நின்றது. ஆரின் அதன் பின்னால் நின்றார். மூன்று பக்கமும் பலகை அடைத்திருந்தார்கள். தண்ணீர் சத்தம் ஒலித்தது. அரங்கம் குலுங்கியது. ஆரின் தொண்டையைச் செருமிக்கொண்டு கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. இழுக்கப் பார்த்தார், பிடித்து இழுக்க எதுவும் இல்லை.

அவர் தட்டினார். அரங்கம் சிரித்தது.

பலமாகத் தட்டினார். இன்னும் பலமாகச் சிரித்தது.

“தாத்தாவுக்கு இன்னும் முடியல போல” என்றார் தொகுப்பாளர். சிலர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆரின் தட்டுவதை நிறுத்திவிட்டார். உள்ளே இருட்டாக இருந்தது. மனப்பாடம் செய்த இரண்டு பக்கமும் மறந்துபோயின.

அப்போது மார்லிஸ் தன் மேசையிலிருந்து எழுந்தாள். நீளப் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, கதவைத் திறந்துவிட்டாள்.

ஆரின் வெளிச்சத்துக்குக் கண் கூசியபடி வந்து ஒலிவாங்கி முன் நின்றார். “திறந்துவிட்டதுக்கு நன்றிம்மா” என்றார். “இந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே வெக்கல.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வெக்ஸ்லர் பக்கத்திலிருந்தவரிடம், “நல்ல ஜோக். யார் எழுதிக் குடுத்தா?” என்று கேட்டார்.

கண்ணாடி விருதைக் கையில் திணித்தார்கள். ஆரின் படியிறங்கி நடந்தார். சேனல்காரர்கள் மேசையில் இடமில்லை. விளம்பரதாரர்கள் மேசையிலும் இடமில்லை. அரங்கத்தின் கடைசியில், ஹோட்டல் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். விழாவுக்கு அழைக்கப்பட்ட முதியோர்களை, அவர்கள் வசதியை முன்னிட்டு, மன்றம் அங்கே அமர்த்தியிருந்தது. அரங்கத்தில் சிரிக்காமல் இருந்தது அந்த மேசை ஒன்றுதான்.

வெள்ளைத் தலை அம்மாள் ஒருத்தி பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வாங்க, உக்காருங்க” என்றாள். “எங்களையும் இங்கதான் வெச்சிருக்காங்க.”