சம்பந்தி நீட்டிய தாம்பாளம்

பலசாலி என்று பெயர் எடுத்தவனுக்கு நோய் வந்தால், நோயை விட அந்தப் பெயரைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. தோட்டத்தில் ரப்பர் பால் வாளிகளைத் தோளில் சுமந்தவன் நான். (யாரும் கேட்காமலேயே இதைச் சொல்வேன்.)

போன வருடம் குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டில் கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, தூக்கியபோது முதுகில் 'மளுக்' என்றது. படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "அங்கிள், முதுகெலும்புல ஒண்ணு நசுங்கி இருக்கு. எலும்பு மெலிஞ்சு போச்சு" என்றார்.

"அது பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே?"

"ஆஸ்துமாவுக்கு வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டீங்களே. ஆம்பளைங்களுக்கும் வரும் லா."

வலிக்கு மாத்திரை, எலும்புக்கு ஊசி, மார்பிலிருந்து இடுப்பு வரை ஒரு பெல்ட். நடக்கலாம், குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது.

அதற்கு அடுத்த வாரமே கோலா கங்சாரில் என் மகனுக்கு நிச்சயதார்த்தம். மாமனாருக்குப் பணிவிடை செய்யவா பெண்ணைக் கொடுக்கிறோம் என்று அவர்கள் யோசித்துவிட்டால்? விஷயம் வெளியே போகக்கூடாது என்று என் மனைவியிடம் சத்தியம் வாங்கினேன்.

"உண்மையச் சொன்னா என்ன கொறஞ்சிரும்?" என்றாள்.

"மானம்!" என்றேன்.

பெல்ட்டுக்கு மேல் ஜிப்பா போட்டுக்கொண்டேன். தட்டு மாற்றும்போது எனக்குப் பதிலாக என் மச்சான் வாங்குவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து, மச்சான் காரை நகர்த்தப் போய்விட்டார்.

சம்பந்தி தாம்பாளத்தை நீட்டினார். தேங்காய், வாழைத்தார், நடுவில் இரண்டு அன்னாசி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்வாங்கினேன். தட்டை வாங்காவிட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"என்னண்ணே... பிடிக்கலையா?" சம்பந்தி தாம்பாளத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். பெண்ணின் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். என் மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முதுகு வலியே தேவலை. ஒரு நல்ல பெண்ணின் வாழ்க்கையை என் வீம்பு கெடுத்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்துபோனேன்.

முதுகு போனால் போகட்டும் என்று கையை நீட்டினேன். 'சர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். பெல்ட்டின் ஒட்டுப்பட்டை பிரிந்து, ஜிப்பாவுக்குக் கீழே முழங்கால் வரை தொங்கியது.

"ஐயோ, தட்டை அவர்கிட்ட குடுத்திராதீங்க! முதுகெலும்பு ஒடஞ்சிருக்கு!" என்று சத்தியத்தை மறந்து கத்தினாள் என் மனைவி.

சம்பந்தி தாம்பாளத்தை அவளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "முதுகுதானா! நாங்க சம்பந்தமே ஒடஞ்சிருச்சுன்னு நெனச்சோம் லா!"

என்னை உட்காரவைத்துப் பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்டது பட்டுப்புடவையில் இருந்த மணப்பெண்தான். எந்தப் பணிவிடைக்குப் பயந்து மறைத்தேனோ, அதை முதல் நாளே செய்துவிட்டாள். இப்போது ஊசி போட என்னை அழைத்துப் போவதும் அவள்தான்.

வலி போய்விட்டது. கேலி போகவில்லை. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் சம்பந்தி ஒரு பெரிய தாம்பாளத்தோடுதான் வருகிறார். அதில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும்.

"பாத்துண்ணே, கனம் ஜாஸ்தி" என்று நீட்டுவார். நான் இரண்டு கையாலும் வாங்குவேன். வீடே கைதட்டும்.