கோணல் வீடு

ஒட்டடைக் கம்பின் நுனி லேசாகத்தான் பட்டது. அலமாரி மேலிருந்த பொம்மை வீடு பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது.

கொத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை, கட்டிலில் சாய்ந்தபடி மகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு அது. பிளாஸ்டிக் கட்டைகள்கூட மனைவி சிறுமியாக இருந்தபோது விளையாடியவைதான். கொத்தனார் அந்த வீட்டைப் பார்த்ததே எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு. "அதை மட்டும் தொடாதீங்கப்பா" என்று மகள் சொல்லி வைத்திருந்தாள். பள்ளி விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மைத்துனனுக்குப் போன் பறந்தது. ஓடி வந்தான்.

"இதுக்கா இப்படிப் பதறுறீங்க அத்தான்? அக்காவும் நானும் இந்தக் கட்டைகளோடதான் வளர்ந்தோம். கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுவேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் கட்டினான் போலிருக்கிறது. கதவு கூரையில் போய் நின்றது.

"தள்ளு மாப்ள" என்று கொத்தனாரே உட்கார்ந்தார். சுவர்கள் கனகச்சிதமாக எழும்பின.

"பிரமாதம் அத்தான்!"

"என்ன பிரமாதம்? இவ்வளவு நேரா இருந்தா கண்டுபிடிச்சிடுவா. உங்க அக்கா கட்டினது கோணலா இருந்துச்சு. கட்டைக்குக் கட்டை இடைவெளி. அழுத்தி வைக்க அவ விரல்ல தெம்பே இல்லையே!" தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அந்த இடைவெளிகளைப் பார்த்து அழுதுவிட்டுத்தான் போவார்.

ஆயுளில் ஒரு சுவரைக் கோணலாக எழுப்பியறியாத மனிதர் இப்போது கோணலுக்காக மல்லுக்கட்டினார். அழுத்திய கட்டைகள் கழல மறுத்தன. மைத்துனன் ஒன்றைப் பல்லால் கடித்து இழுக்கப் போனான். அதில் ஏற்கெனவே சின்னதாக ஒரு பல் தடம் இருந்தது.

"அத்தான், இது அக்கா கடிச்சது. சின்ன வயசுல..." என்று விம்ம ஆரம்பித்தான்.

"அப்புறமா ரெண்டு பேரும் சேர்ந்து அழுவோம். இப்ப இழு!"

இடைவெளி விட்டு வைத்தால் சுவர் சரிந்தது. பசை போட்டார்கள். ஒருவழியாக வீடு கோணலாக நின்றது. மைத்துனனின் கட்டைவிரலும் அதோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

வாசலில் ஷூ சத்தம் கேட்டது.

மகள் வந்து வீட்டைப் பார்த்தாள். மாமாவின் விரலைப் பார்த்தாள். அப்பாவின் சிவந்த கண்களைப் பார்த்தாள்.

"உடைச்சிட்டேன்டா கண்ணு. ஆனா அம்மா கட்டின மாதிரியே, அதே கோணலோட, திரும்பக் கட்டிட்டேன். பாரு" என்றார் கொத்தனார்.

அவள் கட்டைகளின் இடைவெளியை விரலால் தொட்டாள்.

"அம்மா நேராத்தான்பா கட்டியிருந்தாங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் கீழ போட்டுட்டேன், நீங்க பார்த்தா அழுவீங்கன்னு திரும்பக் கட்டி வச்சேன், எனக்குத்தான் அழுத்த வரல."