காக்கா வாய் துடைத்த மீன்

செத்துப்போனவரிடம் மட்டும் வாதத்துக்குப் போகக் கூடாது. அவர் வாயே திறக்க மாட்டார், ஆனாலும் ஜெயித்துவிடுவார். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, மொட்டைத் தலையோடு தாராவி வீட்டு ஜன்னலில் நின்றபோது இதைத் தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் செம்பூரில் ஒரு மீன் ஓட்டலில் சமையல்காரன். (விசிட்டிங் கார்டில் செஃப் என்று போட்டிருந்தேன். கார்டைக் கேட்டவர்தான் யாருமில்லை.) முதலாளிக்கு அடிக்கடி புது ருசி வேண்டும். இறாலில் காப்பித்தூள், நண்டில் மாம்பழம் என்று எந்த ஊரிலோ எவனோ செய்ததை மொபைலில் பார்த்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். அந்த சீசனில் இனிப்பும் காரமும் சேர்ந்த மீன்தான் எங்கும் பேச்சு. நானும் தேன், கோகம் புளி, வற்றல் மிளகாய் மூன்றையும் கொதிக்கவைத்துக் குறுக்கி, முள் நீக்கிய வஞ்சிரத்தில் தடவி, கரி அடுப்பில் புகை போட்டு ஒன்று செய்தேன். நன்றாக விற்றது. எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

அப்பாவிடம் மட்டும் அது எடுபடவில்லை. தோல் பட்டறையில் உழைத்த மனிதர். அவருக்கு மீன் என்றால் தேங்காய் அரைத்து ஊற்றிய புளிக்குழம்பு, அவ்வளவுதான். ஒரு நாள் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தேன். திறந்து முகர்ந்தார், மூடிவிட்டார்.

"மீனு ஒருக்கா செத்தது போதாதால?" என்றார்.

அதன்பிறகு எவ்வளவு கெஞ்சியும் வாயில் வைக்கவில்லை. அந்த வருஷமே நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார்.

எங்கள் ஆட்களில் பதினாறாம் நாள் சடங்குகள் முடிந்ததும், போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைப்போம். மீன் தின்றவருக்கு மீன்தான். இலையைக் காக்காவுக்கு வைக்கவேண்டும். காக்கா சாப்பிட்டால் அவரே சாப்பிட்ட மாதிரி. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை நனைக்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அப்பா போனதிலிருந்து டீயும் பிஸ்கட்டுமாக நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பதினாறு அன்று அவர் சாப்பிடட்டும், அப்புறம் நான் வயிறாரச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்த நாளை நம்பித்தான் நாங்கள் அவளை விட்டிருந்தோம்.

மீன் சமையலை நான் ஏற்றுக்கொண்டேன். பாண்டுப்பிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, குழம்புக்கென்று சாளை மீன் வாங்கி வந்திருந்தாள். அதை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினேன். என் மீனை அப்பா ஒரு தடவையாவது சாப்பிட்டே ஆகவேண்டும் என்று எனக்கு. (வேண்டாம் என்று சொல்ல வாயில்லாத நேரம் பார்த்து ஒரு மனிதருக்கு ஊட்டக் கிளம்பியிருக்கிறேன். அதற்குப் பெயர் பாசம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.)

ஓட்டல் பழக்கம் கையை விடுமா? அவ்வளவு பெரிய இலையில் நட்டநடுவே இரண்டு துண்டு மீன், பக்கத்தில் கரண்டி முதுகால் இழுத்த ஒரு தேன் கோடு, ஓரத்தில் ஒரு பிடி சோறு. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மீதி எப்போது வரும் என்று கேட்டாள்.

எங்கள் மாடி அறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தகரக் கூரை. இலையை அதில் வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டேன். கல்லி என்று நாங்கள் சொல்லும் எங்கள் சந்தின் காக்காக்கள் ரெக்சின் துண்டையே விட்டுவைக்காத ஜாதி. உடனே வந்து கேபிள் ஒயரில் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. மாடிப்படியிலும் கீழே கல்லியிலும் சொந்தக்காரர்கள் பசியோடு நின்றார்கள். வெயில் உச்சிக்கு வந்து, கொஞ்சம் சாயவும் தொடங்கிவிட்டது.

கடைசியில் ஒரு பெரிய காக்கா இறங்கியது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது, என்னையும் பார்த்தது. மீனில் ஒரு கொத்து. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அது கொத்தியதைக் கீழே போட்டு, அலகைத் தகரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகத் துடைத்துவிட்டுப் பறந்துபோனது. ஒயரில் இருந்தவையும் கூடவே போய்விட்டன.

கொத்தியதைச் சாப்பிட்டதாக எடுத்துக்கொள்வதா, துடைத்ததைப் பார்ப்பதா என்று படிக்கட்டில் விவாதம் நடந்தது. அத்தை தரையில் உட்கார்ந்து, அண்ணன் கோவித்துக்கொண்டு போய்விட்டார் என்று அழத் தொடங்கினாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததில் சர்க்கரை இறங்கிவிட்டது. ஒருவரை எரித்துவிட்டு வந்த வீட்டில் என் கெட்டிக்காரத்தனத்தால் இன்னொருவரையும் சாய்த்துவிடப் போகிறேனே என்று பயந்தேன். சர்க்கரையாவது ஒரு வாய் போட்டுக்கொள்ளச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். சாளையைக் குழம்பு வைத்து வேறு இலை போடலாம் என்றேன். ஒருமுறை படைத்ததை மாற்றக் கூடாது என்று அழுகைக்கு நடுவிலும் அத்தை தடுத்தாள்.

அம்மா வெறும் ஒயரைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இலையை உள்ளே இழுத்தாள். அத்தையின் அழுகை சட்டென்று நின்றது.

"உசுரோட இருக்கும்போதும் இந்த மனுசன் இப்படித்தான். தட்டை முன்னால வச்சுக்கிட்டு மொகத்தத் தூக்கிக்கிடுவாரு. அவரு திங்கட்டும் திங்கட்டும்னு நான் பின்னால நிப்பேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து நின்னாச்சு. எனக்குப் பசிக்கு."

தரையில் உட்கார்ந்து, காக்கா கொத்திய துண்டையே முதலில் எடுத்து வாயில் போட்டாள். நிதானமாக மென்று விழுங்கினாள்.

"காக்கா மேல தப்பு இல்லலே" என்றாள்.

அத்தைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயை முந்தானையால் பொத்தியும் அடங்கவில்லை. படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அந்த மோசமான மீனை, இனிப்பும் புகையுமாக, ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தாள். நடுக்கம் நின்றபிறகு சோறு கேட்டாள். அத்தை எழுந்து போய்ச் சாளையைக் கழுவினாள். நான் தேங்காய் துருவிக் கொடுத்தேன். என் தகுதிக்கு அன்று அதற்கு மேல் வேலை தரவில்லை.

இன்றைக்கும் ஓட்டலில் புதிதாக எதையாவது செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், முதலில் தகரத்தில் வைத்துப் பார்த்தாயா என்றுதான் கேட்கிறார்கள். என் மனைவி மட்டுமில்லை, கல்லியே கேட்கிறது. திவசம் மட்டும் எங்கள் வீட்டில் மாறிவிட்டது. வருஷா வருஷம் அம்மா முதலில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுகிறாள். அதற்குப் பிறகுதான் இலை ஜன்னலுக்கு வெளியே போகிறது. அத்தை ஆரம்பத்தில் ஊர் வழக்கம் என்னவென்று அம்மாவுக்கு நினைவுபடுத்திப் பார்த்தாள்.

"அவரு பொறவு சாப்புடட்டும்" என்றாள் அம்மா.