ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த கட்டி

டைல்ஸ் கடை மேலாளரும், யாரும் அழைக்காமலே எங்கள் குடும்ப மருத்துவருமான மைத்துனருக்கு, உன் அக்கா கணவன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் கணிப்புப்படி நான் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், ஏமாற்றியதற்குப் பொறுத்துக்கொள்.

"கல்லீரலில் கறுப்பாக ஒரு புள்ளி, பெரிய ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும்" என்றுதான் வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்தது. நீதான் படத்தைப் பிடுங்கி, ஆஸ்பத்திரி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரிசல் விட்ட டைல்ஸைப் பார்க்கும் அதே முகத்தோடு, "கட்டிதான் அத்தான், மனசைத் தேத்திக்குங்க" என்றாய். பெரிய ஸ்கேனுக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை, "இனிமே பத்தியம் எதுக்கு? வாய்க்கு ருசியா சாப்பிடட்டும்" என்று உன் அக்காவிடம் சொல்லிவிட்டு, பொரித்த கோழியும் வெண்ணெய் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமுமாக நீயே சுமந்து வந்தாய், நானும் சாகப்போகிறவன்தானே என்று தின்று தீர்த்தேன், அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், அந்த அழுகைக்கு மட்டும் உன்னை மன்னிப்பதாக இல்லை.

பெரிய ஸ்கேனில் புள்ளி சிறுத்திருந்தது. "பாத்தீங்களா, என் வைத்தியம்! கட்டி கரையுது!" என்று வராந்தாவில் வீல்சேரில் போனவர் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கினாயே, டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டு என்ன சொன்னார், நினைவிருக்கிறதா?

"கட்டின்னா பக்கத்து ரத்தக்குழாயைத் தள்ளி வளைச்சிருக்கும். இங்க குழாய் அது வழியாவே நேரா போகுது. உங்க ஈரல் முழுக்கக் கொழுப்பு சார். கொழுப்பு ஏறாம மிச்சம் இருக்கிற நல்ல இடம்தான் அந்தப் புள்ளி. இந்த ரெண்டு மாசமா கண்டதையும் தின்னு அதுலயும் பாதிக்குக் கொழுப்பு ஏத்திட்டீங்க."

அடப்பாவி! என் ஈரலில் உருப்படியாக இருந்த ஒரே இடத்துக்கா இரண்டு மாதம் துக்கம் விசாரிக்க ஆள் கூட்டி வந்தாய்?

இனி என் வீட்டுப் படி ஏறாதே. ஸ்கேன் படங்களை உன் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்குக் கிடையாது.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் அத்தான்

பி.கு.: நேற்று உன் அக்காவுக்கும் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் வெள்ளையாக ஒரு திட்டு. "அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் கொழுப்பு, பயப்பட ஒண்ணுமில்ல" என்று டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா. எங்கள் வீட்டு ஜன்னலில் காலையில் நல்ல வெளிச்சம் வரும். படத்தைப் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று நீயும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ.